பூவரசுக்கு முதல் வெட்டு

கீழத்தெரு,
அம்மாபேட்டை பக்கம்,
14 ஆகஸ்ட்

வருங்காலத் தீயணைப்பு வீராங்கனை, என் ஒரே அக்கா பிரகதீஸ்வரி அவர்களின் சமூகத்துக்கு,

இதனால் சகலமானவர்களுக்கும் தெரிவிப்பது என்னவென்றால், நம் வீட்டுச் சிவப்புக் கோழி நேற்று மாலை முதல் அடைக்கு உட்கார்ந்திருக்கிறது. கிட்டே போனால் கொத்துகிறது. இந்த மங்கல நிகழ்ச்சியை முன்னிட்டு ப்ளஸ் ஒன் மாணவர்களுக்கு விடுமுறை விடலாமே என்று வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். வெளியே நிற்க வைத்தார்கள். அதுவும் ஒரு வகை விடுமுறைதான்.

இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம். மஸ்கட்டில் அப்பாவும் சௌக்கியம். உனக்கு இருமல் நின்றதா? உங்கள் பயிற்சி முகாமில் கைபேசியைப் பிடுங்கி வைத்துக்கொண்டாலும் வைத்துக்கொண்டார்கள், பரீட்சையில் ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதிய கடிதத்தை இப்போது உனக்கு இலவசமாக எழுத வேண்டியிருக்கிறது.

இரண்டாவது செய்தி அவ்வளவு முக்கியமில்லை. மரம் அறுக்கும் மிஷின் வாங்கிவிட்டோம். பெட்ரோலில் ஓடுவது.

போன வருஷக் காற்றில் சாய்ந்த மூன்று தென்னையும் கொல்லையில் அப்படியே கிடப்பது உனக்குத் தெரியும். மிஷின்காரரைக் கூப்பிட்டால் "நாளைக்கு வர்றேன்" என்பார். எந்த வருஷத்து நாளை என்று சொல்லமாட்டார். அப்பாவிடம் கேட்டதற்கு "சொந்தமா ஒண்ணு வாங்கிப் போடுங்க, நான் லீவுல வந்து அறுத்துக்குறேன்" என்றார். அப்பாவுக்கு லீவு அடுத்த ஆடியில். ஆகவே நானே களத்தில் இறங்கினேன்.

தஞ்சாவூரில் அஸார் பாய் கடை. நேராக இருப்பதிலேயே பெரிய மிஷின் முன்னால் போய் நின்றேன். "பாய், இதைக் கட்டுங்க."

"தம்பி, இது தேக்கு அறுக்கிறவங்களுக்கு. நீ இதைத் தூக்கினா, கொஞ்ச நேரத்துல இது உன்னைத் தூக்கிட்டுப் போயிடும்."

அம்மா ஒவ்வொன்றாக எடுத்து, இரண்டு கையாலும் முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். கை சோர்ந்தால் வைத்துவிட்டு அடுத்தது. ரேஷன் கடையில் கூட அவ்வளவு நேரம் நின்றதில்லை. கடைசியில் பதினாறு அங்குலப் பட்டை உள்ள ஒன்றில் கை நின்றது. பட்டை என்றால் சங்கிலி சுற்றி ஓடுகிற நீளத் தகடு. முன்கைப்பிடிக்கு எதிரே ஒரு தடுப்பு இருக்கிறது. அதை முன்னால் தள்ளினால் சங்கிலி அந்த நொடியே நின்றுவிடும். பாய் தள்ளிக் காட்டினார். "அக்கா, இந்த பிரேக் இல்லாத மிஷின் விலை கம்மிதான். ஆனா நான் விக்கிறதில்லை."

மிஷினைத் தேர்ந்தெடுத்தது நான்தான். அம்மா தூக்கினாள், பாய் விளக்கினார், நான் தலையாட்டினேன். தலை ஆடாமல் எந்த வியாபாரம் முடிந்திருக்கிறது?

அம்மா சொல்லச் சொன்னது: வேளாவேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
வாலாக இருந்து வாள் பிடித்த,
பஞ்சநதம்


பயிற்சி முகாம்,
27 ஆகஸ்ட்

அன்புத் தம்பி பஞ்சு,

இருமல் போய்விட்டது. முழங்காலில் தோலும் போய்விட்டது. மற்றபடி நலம். கோழிக்கு என் வாழ்த்து. அதையாவது நிம்மதியாக உட்காரவிடு.

வாலிடம் வாளைக் கொடுக்க அம்மாவுக்கு எப்படி மனசு வந்தது? டேய், அது விளையாட்டுச் சாமான் இல்லை. தொடுவதற்கு முன்னால் ஹெல்மெட் வேண்டும், கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்கு மூடி, கையுறை. காலுக்கு பூட்ஸ். செருப்பு போட்டுக்கொண்டு நிற்பாய், எனக்குத் தெரியும். துண்டு, கைலி, தொங்குகிற எதுவும் உடம்பில் கூடாது. சட்டையை உள்ளே செருகு. மிஷினைக் கீழே வைத்து, பின்பிடிக்குள் காலை வைத்து அழுத்திக்கொண்டு கயிற்றை இழு. வேம்பு சித்தப்பா மருந்தடிக்கிற மிஷினை ஆட்டி ஆட்டி இழுப்பாரே, அந்த மாதிரி அந்தரத்தில் தொங்கவிட்டு இழுக்காதே. பிரேக் போட்டுவிட்டுத்தான் இழுக்க வேண்டும், பிரேக் போட்டுவிட்டுத்தான் நடக்க வேண்டும். தோளுக்கு மேலே மிஷின் போகவே கூடாது. அறுக்கிறவரைத் தவிர எல்லோரும் இரண்டு மர நீளம் தள்ளி நிற்க வேண்டும், ஒருவர் விசிலோடு. கூப்பிட்டால் காதில் விழாது.

பெட்ரோலை அப்படியே ஊற்றாதே, எஞ்சின் இறுகிவிடும். கூட வந்த புத்தகத்தில் போட்டிருக்கிற அளவுக்கு எண்ணெய் கலக்க வேண்டும். சங்கிலிக்கு ஊற்றுவது வேறு எண்ணெய், வேறு மூடி. சூடாக இருக்கும்போது பெட்ரோல் ஊற்றாதே, வைக்கோல் பக்கத்தில் வைக்காதே.

இதை அம்மாவிடம் படித்துக் காட்டு. வேண்டாம், நீ பாதியை முழுங்கிவிடுவாய். கடிதத்தையே அம்மா கையில் கொடுத்துவிடு.

எங்களுக்கு மிஷின் பயிற்சி நவம்பரில். புயலில் சாய்ந்த மரத்தை அகற்றுவதும் எங்கள் வேலைதானே. அந்தத் தேர்வில் தேறாவிட்டால் மற்றதில் எவ்வளவு வாங்கினாலும் வேலை கிடையாது, வீட்டுக்குப் போக வேண்டியதுதான். என் அறைத்தோழி ஷமீரா, கூத்தாநல்லூர்க்காரி, இப்போதே தூக்கத்தில் மரம் வெட்டுகிறாள். நான் கயிறு ஏறுவதில் முதல், ஓட்டத்தில் இரண்டாவது. இதையும் பார்த்துவிடுவேன்.

அம்மாவின் உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
பிரகதி


கீழத்தெரு,
9 செப்டம்பர்

கயிறு ஏறும் அக்காவுக்கு,

நலமே நாடும் தம்பி எழுதுவது. முழங்காலுக்கு மஞ்சள் பத்து போடச் சொல்கிறாள் அம்மா. முகாமில் மஞ்சள் கிடைக்குமா என்று கேட்டால் "அது எப்படிக் கிடைக்காமப் போகும்" என்கிறாள்.

உன் கடிதம் இப்போது அடுப்படியில், அரிசி டப்பாவுக்கு மேலே ஒட்டப்பட்டிருக்கிறது. குழம்பு கொதிக்கும்போதெல்லாம் அம்மா அதைப் படிக்கிறாள். சாமி பாட்டு மாதிரி முணுமுணுக்கிறாள். "பிரேக் போட்டு இழு, பிரேக் போட்டு நட." எல்லாம் என்னைக் கண்காணிக்கத்தான்.

சொல்லவே வெட்கமான ஒரு சம்பவம். சங்கிலி எண்ணெய் தீர்ந்துபோன அன்று ஒரு விஞ்ஞானி (பெயர் வேண்டாமே, ஆறெழுத்து) அடுப்படியிலிருந்து கடலை எண்ணெயை எடுத்து அந்த மூடிக்குள் ஊற்றிவிட்டார். எண்ணெய்க்கு எண்ணெய்தானே என்பது அவர் கோட்பாடு. தென்னையில் வைத்து அறுக்க அறுக்கச் சங்கிலி சூடேறி, கீழத்தெரு முழுக்க வடை வாசம். வேம்பு சித்தப்பா வேலியோரம் வந்து எட்டிப் பார்த்தார்.

"அண்ணி, வடை போடுறீங்களா?"

"வடையும் இல்லை, ஒண்ணும் இல்லை தம்பி. இவன் தோலைத்தான் உரிச்சுப் போடணும்."

அப்புறம் சங்கிலியைக் கழற்றி, துடைத்து, அம்மாபேட்டைக்குப் போய்ச் சரியான எண்ணெய் வாங்கி வந்தோம். அஸார் பாய் கொடுத்த அரத்தால் பல்லையும் தீட்டியாயிற்று. ஒவ்வொரு பல்லுக்கும் ஒரே எண்ணிக்கை இழுப்பு, ஒரே பக்கமாக. இவ்வளவு அக்கறையாக நான் என் பல்லைத் தேய்த்ததில்லை.

இப்போது ஒரு தென்னை துண்டு துண்டாகிவிட்டது. நான்தான் இந்த ஊரின் இளம் அறுவைச் சிகிச்சை நிபுணர். தெருவில் பரிதி என்னை "டாக்டர்" என்றே கூப்பிடுகிறான். வீட்டுக்குப் பின்னால் இருக்கிற நண்பனே இப்படி மதிக்கும்போது முகாமில் இருக்கிற அக்கா எப்படி மதிக்க வேண்டும்!

அம்மா உனக்குச் சொல்லச் சொன்னது: முழங்காலை மடக்கி உட்காராதே.

இப்படிக்கு,
டாக்டர் பஞ்சநதம்


பயிற்சி முகாம்,
5 அக்டோபர்

டாக்டருக்கு,

முழங்கால் ஆறிவிட்டது என்று அம்மாவிடம் சொல். வடைக் கதையை ஷமீரா மூன்று முறை படிக்கச் சொன்னாள். உன்னைப் பார்க்க வேண்டுமாம்.

மிஷினை இன்னும் கையில் தரவில்லை. வகுப்பில் படம் போட்டுச் சொல்லித் தருகிறார்கள். பட்டையின் நுனியின் மேல்பாதி எதிலாவது பட்டால் மிஷின் முகத்துக்கு நேரே எகிறும். பிரேக் இருப்பது அதற்குத்தான். இரண்டு கையாலும் கட்டைவிரல் சுற்றிப் பிடிக்க வேண்டும், முகம் பட்டைக்கு நேராக இருக்கக் கூடாது.

இன்னொன்று. சாய்ந்த மரம் இரண்டு கரையிலும் தாங்கிக்கொண்டு நடுவில் அந்தரத்தில் கிடந்தால், மேல்பக்கம் நெருக்கிக்கொண்டு இருக்கும், அடிப்பக்கம் இழுத்துக்கொண்டு இருக்கும். மேலேயே அறுத்துக்கொண்டு போனால் மரம் கவ்விக்கொள்ளும், மிஷின் உள்ளே மாட்டிக்கொள்ளும். மேலே கொஞ்சம், மீதி கீழேயிருந்து. வேரோடு பெயர்ந்த மரம் என்றால், அறுத்து முடித்ததும் தூர் எகிறி பழைய குழிக்கே போய் உட்காரும். அந்தப் பக்கம் ஒரு ஈ நிற்கக் கூடாது.

படத்தில் எல்லாம் புரிகிறது. வகுப்புத் தேர்வில் நான்தான் முதல்.

அப்பா பேசினால் விசாரித்ததாகச் சொல். அம்மாவை ஒரு வரி எழுதச் சொல்லேன்.

பிரகதி


கீழத்தெரு,
22 அக்டோபர்

அக்காவுக்கு,

தீபாவளி சுகமாகக் கழிந்தது. உனக்கு அனுப்பிய முறுக்கு தூளாகாமல் வந்து சேர்ந்ததா? தூளாகியிருந்தால் ஸ்பூனால் சாப்பிடு, ருசி மாறாது. உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

மூன்று தென்னையும் முடிந்தது. கட்டை அடுக்கி முடித்ததும் ஊரே வந்து பார்த்தது. ஊர் என்றால் வேம்பு சித்தப்பாவும் அவர் மாடும். நம் நிலத்தில் சம்பா நடவு முடிந்து பச்சை கட்டியிருக்கிறது. மழை பிடித்துவிட்டது.

அம்மாவை எழுதச் சொன்னேன். "எனக்கு எழுத என்ன இருக்கு, நல்லா இருக்கேன்னு போடு" என்றாள். போட்டுவிட்டேன்.

மிஷின் கையில் வந்ததா? உன் தம்பிக்கு இது தண்ணீர் பட்ட பாடு. சந்தேகம் இருந்தால் தயங்காமல் எழுதிக் கேள்.

டாக்டர்


கீழத்தெரு,
3 டிசம்பர்

அக்கா,

தீபாவளிக் கடிதத்துக்குப் பதில் இல்லை. நடுவில் ஒரு அஞ்சலட்டை போட்டேனே, அதற்கும் இல்லை. உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது? அங்கே மழை எப்படி? நாங்கள் பத்திரம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மீதியை நீ மூச்சுப் பிடித்துக்கொண்டு படிக்கலாம்.

போன வாரம் விட்டுவிட்டுப் பெய்தது. கடைசியில் விடாமல் பெய்தது. காற்று வேறு. விடிந்து பார்த்தால் நம் வரப்பு முனையில் நின்ற பூவரசு வேரோடு பெயர்ந்து வடிகால் வாய்க்காலுக்குக் குறுக்கே கிடக்கிறது. இந்தக் கரையில் தூர், அந்தக் கரையில் தலை. வாய்க்காலில் வந்த ஆகாயத்தாமரை, வைக்கோல், வாழைமட்டை எல்லாம் அதன் கிளையில் மாட்டி, அணை கட்டியது போல ஆகிவிட்டது. நம் சம்பா நுனி மட்டும்தான் தெரிந்தது. மேலே வேம்பு சித்தப்பா வயலும் முழுகிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் நின்றால் பயிர் அழுகிவிடும்.

மிஷின்காரரைக் கூப்பிட்டால், ரோட்டில் விழுந்த மரத்துக்கே ஆள் இல்லை என்றார். வேம்பு சித்தப்பா கரையில் நின்று கத்தினார். "அண்ணி, உங்க மரம்! என் பயிர் போனா யார் கேக்குறது?"

அம்மா சொன்னாள்: "எங்க மரம்தான் தம்பி. நாங்களே எடுத்துடுறோம்."

"யாரு எடுக்கிறது? அண்ணன் மஸ்கட்டுல இருக்கு."

இந்த இடத்தில்தான், அக்கா, உன் தம்பி முன்னால் வந்தான்.

நம் வழக்கப்படி அம்மா அடிமரத்தில் மஞ்சள் குங்குமம் வைத்து, சூடம் மழையில் பற்றாமல் மூன்றாவது தீக்குச்சியில் பற்றி, "இதுல குடியிருக்கிற குருவி, அணில், எறும்பு எல்லாம் வேற இடம் பாத்துக்குங்க" என்று சொல்லிக் கும்பிட்டாள். அப்புறம் சித்தப்பா, "வீட்டு ஆம்பளைதான் முதல் வெட்டு போடணும், அதுல மாத்தமே கிடையாது" என்றார். வீட்டு ஆம்பளை யார்? மீசை என்று சொல்லத்தக்க ஏழெட்டு முடியோடு அங்கே நின்றது யார்?

நான் போட்டேன் முதல் வெட்டு. பூவரசு நடுங்கியது. பரிதி வாயைப் பிளந்தான். முதலில் கிளைகள், பிறகு அடிமரம், இரண்டு இடத்தில். நடுத்துண்டு தொபுக்கென்று வாய்க்காலில் விழுந்தது. மிஷினை அணைத்த பிறகு தெருவே சேர்ந்து கயிறு கட்டி இழுத்தது. தண்ணீர் பாய்ந்த சத்தத்தைக் கேட்டிருக்க வேண்டும் நீ!

இப்போது பயிர் தலை நிமிர்ந்துவிட்டது. டீக்கடையில் "பூவரசை வெட்டுனது பஞ்சு" என்றுதான் பேச்சு. சித்தப்பாவே சொல்கிறார். எனக்குத் தெரியாதவர்கள் கூட எனக்கு வணக்கம் வைக்கிறார்கள். ஒரு டீ இலவசம்.

அம்மா நலம். கொஞ்சம் தோள் வலி, அவ்வளவுதான். ஈரத்தில் நின்றதால் இருக்கும்.

இப்படிக்கு,
வாய்க்கால் மீட்ட வீரன்


பயிற்சி முகாம்,
10 டிசம்பர்

அன்புத் தம்பிக்கு,

நலம். எல்லோரும் பத்திரமாக இருப்பது அறிந்து நிம்மதி. அம்மாவின் தோளுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

உன் கடிதத்தை ஷமீரா சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோருக்கும் படித்துக் காட்டினாள். கை தட்டினார்கள். ஒருவன், "பதினாறு வயசுப் பையன் வெட்டித் தள்ளுறான். இங்க சில பேருக்கு மிஷினைப் பார்த்தாலே ஜன்னி வருது" என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

மரம் கவ்வவில்லையா? மேலே எவ்வளவு அறுத்தாய்? எப்படி நின்றாய்?

எனக்கு எழுத ஒன்றும் இல்லை.

பிரகதி


கீழத்தெரு,
17 டிசம்பர்

அக்காவுக்கு,

நலம். ஒத்தடம் கொடுத்தாயிற்று. உன் கடிதம் ஏன் இவ்வளவு குட்டையாக இருக்கிறது? தபால்தலைக்கே பாரம் போதாது. சளியா?

நீ கேட்டதற்குப் பதில். மேலே மூன்றில் ஒரு பங்குதான். உடனே அந்த வெட்டுவாயில் ஒரு மர ஆப்பு. அப்புறம் பட்டையின் மேல்விளிம்பால் கீழேயிருந்து. கீழே அறுக்கும்போது மிஷின் நம்மைப் பார்த்துத் தள்ளும். அதற்கு எதிராக நெஞ்சைக் கொடுக்கக் கூடாது, நாற்று நடும்போது சேற்றில் ஊன்றுவது போல இரண்டு காலையும் அகட்டி ஊன்றிக்கொள்ள வேண்டும். முழங்கையை உடம்போடு ஒட்டிக்கொண்டால் பாரம் தெரியாது. எல்லாம் சொந்த அனுபவம்.

அந்த ஜன்னிக்காரன் யாரைச் சொன்னான்? யாராக இருந்தால் என்ன, என்னிடம் அனுப்பு, ஒரு வாரத்தில் தேற்றிவிடுகிறேன். என்னைப் போலப் பிறவியிலேயே வந்தவர்களுக்கு இதெல்லாம் ஒன்றுமே இல்லை. உன் தேர்வு முடிந்திருக்குமே, எவ்வளவு?

அம்மா கேட்கச் சொன்னது: சாப்பிடுகிறாயா?

டாக்டர்


பயிற்சி முகாம்,
2 ஜனவரி

பஞ்சு,

சாப்பிடுகிறேன் என்று அம்மாவிடம் சொல். இந்தக் கடிதத்தை மட்டும் அம்மாவிடம் காட்டாதே.

தேர்வு நவம்பர் கடைசியில் நடந்தது. நான் தேறவில்லை. கயிற்றை இழுத்தேன், மிஷின் ஓடியது, கை ஆட ஆரம்பித்தது. நிற்கவில்லை. பட்டை கட்டையில் பட்டதும் இன்னும் அதிகமாக ஆடியது. அணைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். ஜன்னி என்று அவன் சொன்னது என்னைத்தான்.

பொங்கல் முடிந்து 20ஆம் தேதி ஒரே ஒரு வாய்ப்பு தருகிறார்கள். ஷமீரா தினமும் வா, பழகலாம் என்கிறாள். எனக்குக் கிட்டே போகவே பிடிக்கவில்லை. புத்தகத்தில் இருப்பது அத்தனையும் எனக்குத் தெரியும், உனக்கு எழுதியதே நான்தான். ஆனால் உனக்குத் தானாக வந்தது எனக்கு வரவில்லை. சிலருக்கு இது வராது போலிருக்கிறது. ஆம்பளைப் பிள்ளை நீ, பதினாறு வயதில் ஒரு மரத்தையே வெட்டி ஊர்ப் பயிரைக் காப்பாற்றினாய். எனக்குப் பெருமைதான். பொய் சொல்லவில்லை.

20ஆம் தேதிக்கு முன்னாலேயே எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடலாமா என்று பார்க்கிறேன். தோற்று வருவதைவிட அது மரியாதை.

உடம்பு நன்றாக இருக்கிறது. கேட்பாய் என்று நானே எழுதுகிறேன்.

அக்கா


கீழத்தெரு,
6 ஜனவரி

அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். இதை விரைவு அஞ்சலில் அனுப்புகிறேன். படித்து முடிக்கிற வரைக்கும் எதையும் எழுதிக் கொடுத்துவிடாதே.

முதல் விஷயம்: காட்டாதே என்றாய், காட்டிவிட்டேன். இரண்டாவது விஷயத்தை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் காலையிலிருந்து மூன்று தாள் கிழித்தாகிவிட்டது. நேராகவே எழுதுகிறேன்.

பூவரசை வெட்டியது அம்மா.

முழுவதும் அம்மா. கடையில் தேர்ந்தெடுத்தது அம்மா. தென்னை மூன்றும் அம்மா. உன் கடிதத்தை அரிசி டப்பாவுக்கு மேலே ஒட்டியது என்னைக் கண்காணிக்க இல்லை. அவள் படித்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் சமையல் முடிந்ததும் கொல்லைக்குப் போய், மிஷினை ஓடவிடாமலே தூக்குவாள், நிற்பாள், வைப்பாள். மறுபடி வந்து உன் கடிதத்தைப் பார்ப்பாள். உன் இரண்டாவது கடிதம் வந்ததும் அதையும் பக்கத்தில் ஒட்டினாள். தூர் எகிறும் என்று நீ எழுதிய வரியின் கீழே கண்மையால் கோடு போட்டிருக்கிறாள். நீ எனக்கு எழுதினாய். படித்துக் கற்றுக்கொண்டது அவள்.

அன்றைக்கு வாய்க்கால் கரையில் நடந்தது இதுதான். அம்மா வயலுக்குப் போகும்போது புடவைக்கு மேலே அப்பா சட்டையைப் போட்டுக்கொள்வாள் இல்லையா? அன்றைக்குப் புடவையே இல்லை. அப்பாவின் பேண்டு, இடுப்பில் கயிறு, முழுக்கைச் சட்டை உள்ளே செருகி, பூட்ஸ், ஹெல்மெட். வேம்பு சித்தப்பாவுக்குப் பார்வையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"அண்ணி, பொம்பளை மரத்துல கை வைக்கிற வழக்கம் இல்லை. வீட்டு ஆம்பளைதான் முதல் வெட்டு."

அம்மா தகராறே செய்யவில்லை. "சரி தம்பி. டேய் பஞ்சு, வா. போடு" என்று என் கையில் அரிவாளைக் கொடுத்தாள். நான் ஓங்கிப் போட்டேன். அரிவாள் வழுக்கிவிட்டது. மரப்பட்டை இரண்டு விரல் அகலம் பெயர்ந்தது. "போதும், ஆச்சு" என்றார் சித்தப்பா. ஊர்க் கணக்கில் முதல் வெட்டு யாருடையதோ அவர்தான் மரத்தை வெட்டினவர். அதனால்தான் டீக்கடையில் என் பெயர். அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. நான்தான் அந்த இரண்டு விரல் பட்டையை வைத்துக்கொண்டு முழு மரத்தையும் உனக்கு எழுதிவிட்டேன்.

அதற்கப்புறம் அம்மா எல்லோரையும் தள்ளிப் போகச் சொன்னாள். சித்தப்பாவையும். "தம்பி, இன்னும் பின்னால. இன்னும். என் பொண்ணு எழுதியிருக்கு, ரெண்டு மர நீளம்." அவர் போனார். கீழத்தெருவில் அவரை யாராவது பின்னால் போகச் சொல்லி அவர் போய் நீ பார்த்திருக்கிறாயா? அப்புறம் மிஷினைக் கீழே வைத்தாள், காலை வைத்து அழுத்தினாள், இழுத்தாள். மூன்றாவது இழுப்பில் பிடித்தது. அத்தனை மழையில், அத்தனை பேர் பார்க்க, உன் உயரமே இருக்கிற, உன்னைவிட மெலிந்த நம் அம்மா! எனக்கு அங்கேயே கத்த வேண்டும் போல இருந்தது: அது எங்க அம்மாய்யா!

சாயங்காலம் என்னிடம், "நான் அறுத்தேன்னு அக்காவுக்கு எழுதாதே. பயந்துட்டு ஓடி வந்துடும்" என்றாள். என் பெயரைப் போட்டு எழுதச் சொல்லவில்லை. அது என் சொந்தக் கைங்கரியம்.

நேற்று உன் கடிதத்தைப் படித்துவிட்டு அம்மா எழுந்து உள்ளே போனாள். மிஷினை எடுத்து வந்து வாசலில் வைத்துத் துடைத்தாள். அப்புறம் சொன்னாள், சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு எழுத்து கூட என்னுடையது இல்லை:

"எனக்கும் கை ஆடுச்சுன்னு எழுது. மொத நாள் மட்டும் இல்லை, பூவரசு அன்னிக்கும் ஆடுச்சு. ஆடுறப்ப பிரேக்கைப் போட்டு அணைச்சுக் கீழ வெச்சிடுவேன். தண்ணி குடிப்பேன். மறுபடி எடுப்பேன். அன்னிக்கு நாலு தடவை கீழ வெச்சேன். யாரும் எண்ணலை. கை ஆடுறதுக்கும் மரம் அறுபடுறதுக்கும் சம்பந்தம் இல்லைன்னு எழுது."

எழுதிவிட்டேன். 17ஆம் தேதிக் கடிதத்தில் காலை ஊன்றுவது, முழங்கையை ஒட்டுவது என்று சொந்த அனுபவம் போல அளந்தேனே, அதெல்லாம் அவளிடம் கேட்டு எழுதியது. அவளுடையது என்று நினைத்து இன்னொரு தடவை படி.

நன்றாகச் சாப்பிடு, தூங்கு. ஷமீரா கூப்பிட்டால் போய்ப் பழகு. 20ஆம் தேதி நாங்கள் இருவரும் காலையிலிருந்து பட்டினி. அம்மாவுக்கு வேண்டுதல், எனக்குக் கட்டாயம்.

இவ்வளவு பொய்யையும் ஒப்புக்கொண்ட பிறகு மிச்சத்தை மறைத்து என்ன பயன்? மரம் இரண்டானதும் நீ எழுதியபடியே தூர் திடுமென்று எகிறி, குழியில் போய் உட்கார்ந்தது. தரை அதிர்ந்தது. அம்மா அதற்கு எட்டாத இடத்தில் பார்த்துத்தான் நின்றிருந்தாள், அசையவில்லை. எனக்கும் அதற்கும் நடுவில் ஒரு வயலே இருந்தது. ஆனாலும் ஓடிவிட்டேன். விசிலோடு ஒருவர் நிற்க வேண்டும் என்று எழுதியிருந்தாயே, அந்த ஒருவர் நான்தான். வேம்பு சித்தப்பா வீட்டு வைக்கோல் போருக்குப் பின்னால் பரிதி என்னைக் கண்டுபிடித்தபோது விசில் என் வாயிலேயே இருந்தது. வாய்க்காலில் தண்ணீர் பாதி வடிந்திருந்தது. பாய்ந்த சத்தத்தை நானும் கேட்கவில்லை, அக்கா.

இப்படிக்கு,
உன் தம்பி
பஞ்சநதம்